ஓ.பி. சீட்டு வாங்குவதற்கு முன்: சிகிச்சை முடிவில் நோயாளி பங்கெடுப்பது எப்படி?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அம்மாவின் மஞ்சள் பையைக் கவிழ்த்தேன். 11 மாத்திரை அட்டைகள், ஒரு சூரணப் புட்டி, பாதி கிழிந்த இ.சி.ஜி. தாள் ஒன்று. மூன்று மாதமாக அம்மாவுக்குக் கணுக்காலில் வீக்கம். செருப்பு வார் பதிந்த தடம் மாலை வரை அப்படியே இருக்கும்.

அட்டைகளைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரை ஒவ்வொன்றாக எழுதினேன். நாலாவது அட்டையில் அம்லோடிபின் 5 மி.கி. ஒன்பதாவது அட்டையிலும் அதே அம்லோடிபின் 5 மி.கி. நிறம் வேறு, கம்பெனி வேறு, எழுதிக் கொடுத்த டாக்டரும் வேறு. இரத்த அழுத்தத்துக்கான அந்த மருந்தின் பக்கவிளைவுகளில் கால் வீக்கம் எல்லோரும் அறிந்த ஒன்று; அளவு கூடினால் அதுவும் கூடும். இது தெரியாமல், வீக்கத்தைப் பார்த்த மூன்றாவது டாக்டர் சிறுநீர் பிரியத் தண்ணீர் மாத்திரை கொடுத்திருந்தார். ஆக, ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டு மூன்றாகிவிட்டது.

மூவரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒவ்வொருவரும் தம் கைக்கு வந்த ஒரே ஒரு சீட்டைத்தான் பார்த்தார்கள். மஞ்சள் பையை முழுவதுமாகப் பார்த்தவர் ஒருவருமில்லை. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அம்மாதான். அம்மாவோ, டாக்டரிடம் வாய் திறந்தால் மரியாதைக் குறைவு என்று நினைக்கும் தலைமுறை.

கடலூருக்கும், புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கும் கோரிமேட்டுக்கும் இடையே பல ஆண்டுகள் பஸ்ஸில் அலைந்ததில் நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். ஒரு எச்சரிக்கை முதலில். நெஞ்சை அழுத்தும் வலி, திடீரென்று வாய் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குழறுவது, நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அப்போது 108-ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் கெடு. கேள்வி கேட்கும் நேரம் அதுவன்று.

முதல் வேலை: பையைக் கவிழ்ப்பது

ஒரு நீளத் தாளை எடுத்து நான்கு கட்டம் போடுங்கள்: மருந்தின் பெயர் (கம்பெனிப் பெயரன்று, அதற்குக் கீழே இருக்கும் பெயர்), அளவு, எந்த வேளை, யார் எதற்காகக் கொடுத்தது. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் சிக்கல் வெளியே வரும். "இது எதற்கு?" என்று கேட்டால், "தெரியவில்லை, ரொம்ப நாளாகப் போடுகிறேன்" என்று பதில் வரும் மாத்திரை ஒன்றாவது எல்லா வீட்டிலும் இருக்கும். அதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிடுங்கள்.

சித்த மருந்து, நாட்டுமருந்துக் கடைப் பொடி, காலையில் குடிக்கும் கஷாயம், கண்ணுக்கு விடும் சொட்டு மருந்து, எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். "அதெல்லாம் சொன்னால் டாக்டர் திட்டுவார்" என்று மறைப்பவர்கள் அதிகம். திட்டினால் திட்டட்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கூடவே சில மூலிகைகளையும் சாப்பிட்டால் இரத்தப்போக்கு வரை போகலாம். மெடிக்கலில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரையும் அப்படித்தான். டைக்ளோபினாக் போன்றவை இரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூட்டு வலிக்காகத் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, பி.பி. குறையவில்லையே என்று டாக்டரை மாற்றிக்கொண்டே இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

சீட்டில் கிறுக்கல் புரியவில்லை என்றால் அங்கேயே கேளுங்கள். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, கூடுமானவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-இலேயே மருத்துவர் நடத்தை விதியைத் திருத்தியிருக்கிறார்கள். மூலப்பெயர் தெரிந்தால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்தைக் குறைந்த விலைக்கும் வாங்கலாம்.

ஒரே மருந்து இரண்டு முறை இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால் உடனே நீங்களாக ஒன்றை நிறுத்திவிடாதீர்கள். சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் அது வேறு வம்பு. தாளை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தவரிடம் போங்கள். நாங்கள் போனபோது டாக்டர் அரை நிமிடம் அந்தத் தாளைப் பார்த்தார், ஒன்றை அடித்தார், தண்ணீர் மாத்திரையையும் நிறுத்தினார். அடுத்த சில வாரங்களில் வீக்கம் வடிந்தது.

இரண்டாவது: கோப்பு

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 20 ரூபாய் பைல் ஒன்று வாங்கி, தேதி வாரியாக, புதியது மேலே இருக்கும்படி அடுக்குங்கள். ஒன்றே ஒன்று: இ.சி.ஜி. தாளில் அச்சு நாளடைவில் மங்கி வெறும் தாளாகிவிடும். வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுங்கள், செல்பேசியிலும் படம் எடுத்து வையுங்கள். பழைய இ.சி.ஜி. கையில் இருந்தால்தான் புதியதில் தெரியும் மாற்றம் புதிதா, பழையதா என்று டாக்டர் சொல்ல முடியும்.

மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றிருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் வெளியே வராதீர்கள். கேஸ் ஷீட் நகல் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளின் நகலைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதி. அதே விதிப்படி பதிவேடுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும் என்பதால் காலம் கடத்தாதீர்கள்.

மூன்றாவது: உடம்பில் நடப்பதை வார்த்தையாக்குவது

டாக்டருக்கு நாம் கொடுக்கும் முதல் தகவல் நம் வாய்ச்சொல்தான். பரிசோதனைகள் அந்தச் சொல்லைத் தொடர்ந்தே வருகின்றன. நம் மொழியில் வலிக்கு மட்டும் எத்தனை சொற்கள்: குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், பிடிப்பு, இழுப்பு, சுருக்கென்று, விண்விண்ணென்று. ஆனால் புதுச்சேரியின் பெரிய மருத்துவமனைகளில் முதலில் நம்மை விசாரிக்கும் இளம் டாக்டர் கேரளத்திலிருந்தோ ராஜஸ்தானிலிருந்தோ படிக்க வந்தவராக இருக்கலாம். அவர் பாவம், "வலி எங்கே? எத்தனை நாள்?" என்ற அளவுக்குத் தமிழ் கற்றிருப்பார். "குடைகிறது டாக்டர்" என்றால் அவர் என்ன எழுதுவார்?

ஆகவே இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எதைச் செய்தால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்று சொல்லுங்கள். "மாடிப்படி ஏறினால் வருகிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது" என்ற ஒரு வாக்கியம் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

இரண்டு சொற்களில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. ஒன்று, மயக்கம். வீடு சுற்றுவதையும் மயக்கம் என்கிறோம், கண் இருட்டுவதையும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பிக் கீழே விழுவதையும் மயக்கம் என்கிறோம். முதலாவது பெரும்பாலும் காதிலிருந்து வரலாம். மூன்றாவது இதயத்திலிருந்து வரலாம். எது நடந்தது என்று பிரித்துச் சொல்லாவிட்டால் தேவையில்லாத ஸ்கேன் ஒன்று நடக்கும், தேவையான இ.சி.ஜி. விட்டுப்போகும்.

இன்னொன்று, வாயு. நெஞ்சில் வந்தால் வாயு, முதுகில் வந்தால் வாயுப் பிடிப்பு, தோளில் இறங்கினால் வாயு இறங்குகிறது. நோயின் பெயரை நாமே வைத்துக்கொண்டு போய் டாக்டரிடம் ஒப்பிக்கிறோம். சீரகத் தண்ணீரும் சோடாவும் குடித்துக்கொண்டு மாரடைப்பின் முதல் மணி நேரத்தைத் தொலைத்தவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். "வாயு" என்ற சொல்லை வீட்டில் வைத்துவிட்டு, நெஞ்சில் என்ன நடக்கிறதோ அதைச் சொல்லுங்கள்.

நான்காவது: மூன்று கேள்விகள்

முந்தைய நாள் இரவே நோட்டில் எழுதுங்கள். காலையில் வரிசையில் நின்று, வெயிலில் வாடி, உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும்.

இதற்கு என்னென்ன வழிகள் உண்டு? ஒவ்வொன்றிலும் எனக்கு நன்மை என்ன, கெடுதல் என்ன? இப்போது ஒன்றும் செய்யாமல் காத்திருந்தால் என்ன ஆகும்?

முதல் இரண்டையும் எப்படியோ கேட்டுவிடுவோம். மூன்றாவது கேள்வியைக் கேட்கத்தான் நம்மவர்களுக்கு நாக்கு எழாது. அது டாக்டரைச் சந்தேகிப்பதுபோல் தோன்றுகிறது. என் அனுபவத்தில் மிகப் பயனுள்ள கேள்வி அதுதான்.

நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்குச் சிறுநீர்க் கடுப்பு என்று வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீரகத்தில் ஒன்றுமில்லை, பித்தப்பையில் கல் இருப்பதாக ரிப்போர்ட்டில் ஒரு வரி. ஒரு தனியார் மருத்துவமனையில் அந்த வரியின் கீழ் கோடு போட்டு, "இந்த வாரமே எடுத்துவிடலாம், சின்னத் துளைதான்" என்றார்கள். சித்தப்பா பயந்துபோய் நிலத்தை அடமானம் வைக்கும் பேச்சை எடுத்துவிட்டார். நான் அவரை இன்னொரு அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அழைத்துப் போனேன். கேள்வியை அவரே கேட்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். கேட்டார், தட்டுத் தடுமாறி: "ஐயா, இதை இப்படியே விட்டால் என்ன ஆகும்?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உங்களுக்கு எப்போதாவது வலது விலாவுக்குக் கீழே, சாப்பிட்ட பிறகு, மணிக்கணக்கில் நிற்கும் வலி வந்திருக்கிறதா?" இல்லை. "காய்ச்சல், மஞ்சள் காமாலை?" இல்லை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும், தொல்லை தராத பித்தக்கற்கள் பெரும்பாலானோருக்குக் கடைசிவரை தொல்லை தருவதில்லை என்றும், கல்லின் அளவையோ பித்தப்பையின் நிலையையோ பொறுத்துச் சிலருக்கு மட்டும் முன்கூட்டியே எடுக்கச் சொல்வார்கள் என்றும், சித்தப்பா அந்தச் சிலரில் சேரவில்லை என்றும் விளக்கினார். அறுவைச் சிகிச்சை பொதுவாகப் பாதுகாப்பானது. பித்தநாளத்தில் காயம் படுவது அரிது, பட்டால் பெரிய தொல்லை. வலி, காய்ச்சல், கண்ணில் மஞ்சள் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டு சித்தப்பாவின் சட்டைப்பையில் இன்னும் இருக்கிறது. கல்லும் இருக்கிறது.

கேள்வி கேட்டால் எப்போதும் அறுவைச் சிகிச்சை தப்பும் என்று நினைத்துவிடக் கூடாது. இதே கல்லுக்கு வலி வந்திருந்தால் பதில் "எடுத்துவிடுங்கள்" என்று இருந்திருக்கும். அப்போதும் சித்தப்பா ஏன் என்று தெரிந்துகொண்டு படுத்திருப்பார்.

ஐந்தாவது: எண்ணிக்கையாகக் கேட்பது

"இந்த மாத்திரை ஆபத்தைப் பாதியாகக் குறைக்கும்" என்றால் நமக்கு உடனே வாங்கத் தோன்றும். எதில் பாதி? 100 பேரில் 40 பேருக்கு வரும் ஆபத்து 20 ஆவதும் பாதிதான், 2 பேருக்கு வருவது 1 ஆவதும் பாதிதான். இரண்டாவதில் 100 பேர் மாத்திரை சாப்பிட்டால் ஒருவருக்குத்தான் பயன். "என்னைப் போன்ற 100 பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை வருஷத்தில்?" என்று கேளுங்கள். துல்லியமான எண் கிடைக்காமல் போகலாம். ஆனால் பேச்சு "நல்லது, கெட்டது" என்பதிலிருந்து அளவுக்கு வந்துவிடும்.

ஆறாவது: யார் பேசுவது?

அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசப் போயிருந்தோம். டாக்டர் முழு நேரமும் என்னைப் பார்த்தே பேசினார். "அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, செய்துவிடலாம்." நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். முழங்காலுக்குச் சொந்தக்காரர் நடுவில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்து டீக்கடையில் கேட்டேன்: "உனக்கு என்னதான் வேண்டும் அம்மா?" யோசிக்காமல் சொன்னார்: "திருவந்திபுரத்தில் ஔஷதகிரி ஏறி ஹயக்ரீவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் தரையில் உட்கார்ந்து காய் நறுக்க வேண்டும்." மருந்து மலை என்றே பெயர் கொண்ட குன்றில் ஏற அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மறுமுறை போனபோது இந்த இரண்டு ஆசைகளையும் அம்மாவே டாக்டரிடம் சொன்னார். படி ஏறுவது பெரும்பாலும் எளிதாகும், தரையில் சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் பொதுவாகத் தவிர்க்கச் சொல்வோம் என்றார் அவர். ஒன்று கிடைக்கும், ஒன்று போகும். எது பெரிது என்பதை எக்ஸ்ரே சொல்லாது. அம்மா யோசித்து, தொடை தசைப் பயிற்சியை ஆறு மாதம் செய்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்றார். இது அவசரச் சிகிச்சை இல்லை என்பதால் டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

துணைக்குப் போகிறவரின் வேலை குறிப்பெடுப்பது, விட்டுப்போனதை நினைவூட்டுவது. "அவரிடமே கேளுங்கள் டாக்டர்" என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், பார்வை திரும்பிவிடும். பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கும். மகனும் மருமகனும் ஐந்து நிமிடம் வெளியே நிற்பதில் குறை ஒன்றுமில்லை. புற்றுநோய் என்று தெரிந்தால் நோயாளியிடம் மறைக்கும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பாசம்தான். ஆனால் பெரியவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஏழாவது: கையெழுத்து

"இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்." அறுவை அரங்குக்குப் போகும் வழியில், கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகு, இந்தத் தாள் நீட்டப்படுவது உண்டு. முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். தமிழில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் படித்து விளக்கச் சொல்லுங்கள். என்ன செய்யப் போகிறார்கள், யார் செய்வார், எந்த வகை மயக்க மருந்து, உள்ளே திறந்த பிறகு வேறு ஏதாவது செய்ய வேண்டி வருமா, வந்தால் எதுவரை சம்மதம் என்ற விவரங்கள் தெளிவாக வேண்டும்.

கடைசிக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குச் சமீரா கோலி வழக்கைப் பார்க்கலாம். 44 வயதுப் பெண் ஒருவர் வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்த்து நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பிக்கு மட்டும் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குச் சம்மதம் ஆகாது, உயிரைக் காப்பாற்றும் அவசரம் இல்லாத நிலையில், சுயநினைவு திரும்பிச் சொல்லக்கூடிய ஒருவருக்காகத் தாயார் சம்மதிக்க முடியாது. சிகிச்சையின் தன்மை, பயன், மாற்று வழிகள், முக்கியமான ஆபத்துகள், மறுத்தால் ஏற்படும் விளைவு ஆகியவற்றைச் சொல்லிப் பெறுவதே சம்மதம் என்றும் அந்தத் தீர்ப்பு வகுத்தது. மேலே சொன்ன மூன்று கேள்விகளும் கிட்டத்தட்ட அதிலேயே அடங்கிவிடுகின்றன.

எட்டாவது: இன்னொரு டாக்டர், பணம், பின்னாளைக்கான பத்திரம்

இரண்டாவது கருத்துக் கேட்பது துரோகம் இல்லை. முதல் டாக்டர் சொன்னதை மறைத்துவிட்டுப் போய் இரண்டாமவரைச் சோதிப்பது வீண்வேலை. கோப்பை முழுதாகக் கொடுங்கள். "இதே முடிவுக்குத்தான் நீங்களும் வருவீர்களா, ஏன்?" என்று கேளுங்கள். கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ, ஜிப்மரோ, வேறு எதுவோ, நம் நோய்க்குரிய பிரிவின் ஓ.பி. நாள் எது என்று முன்பே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். தவறான கிழமையில் போய் ஒரு நாள் கூலியை இழந்து திரும்புகிறவர்கள் நிறைய.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். மொத்தம் எவ்வளவு, பொதுவாக எதில் கூடும், தொடர் மருந்துக்கு மாதம் எவ்வளவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் கடலூர்க்காரர்கள் புதுச்சேரி மருத்துவமனையில் சேர்வதற்கு முன், அந்தச் சிகிச்சைக்கு அங்கே அட்டை செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். இரு பக்கமும் ஒரே பஸ்ஸில் போய்விடலாம், அட்டைக்கு அந்த வசதி எப்போதும் இல்லை.

வயதானவர்கள், மீளமுடியாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை தமக்கு வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் வழிசெய்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும் என்றது. வீட்டில் பேச்செடுப்பதுதான் கடினம், பத்திரம் சுலபம்.

கடைசியாக: எழுந்திருப்பதற்கு முன்

"டாக்டர், நான் புரிந்துகொண்டது சரியா என்று பாருங்கள்" என்று தொடங்கி, அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். எந்த மாத்திரை புதிது, எது நின்றது, எத்தனை நாள், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்காமல் வர வேண்டும். இதற்கு அரை நிமிடம் போதும். பின்னால் வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். பரவாயில்லை, அவர் முறை வரும்போது அவரும் கேட்கட்டும். பஸ் ஏறுவதற்கு முன், மறப்பதற்குள், அதை நோட்டில் எழுதிவிடுங்கள்.

அம்மாவுக்கு அடுத்த ஓ.பி. நாள் புதன்கிழமை. நோட்டில் அவர் கையெழுத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: பயிற்சி செய்யும்போது இடது முழங்காலில் மட்டும் சத்தம் வருவது ஏன், சூரணத்தைத் தொடரலாமா. அதற்குக் கீழே 3 என்று எண் மட்டும் போட்டிருக்கிறார். என்ன என்று கேட்டேன். "அதை டாக்டரிடம் சொல்லிக்கொள்கிறேன், நீ கொஞ்ச நேரம் வெளியே நில்" என்றார்.